இடது கால்ல வெயிட் போடணும்

செமினி ஊர்ப் பாசாரில் ஆட்டுக்கறி விற்கிற மனுஷன் தன் ஆயுசிலேயே அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

"அண்ணே, இது ஆட்டோட இடது காலா, வலது காலா?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்தூன் பீவியை ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டின பெறகு அது ஆட்டுக்கே தெரியாது லா அக்கா" என்றார்.

"தெரிஞ்சு சொல்லுங்க. எனக்கு இடது கால்தான் வேணும். சூப்புக்கு."

பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். காத்தூன் பீவி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பாதி வாழ்நாள் சேலை விற்றவள். ஒரு சேலையை விரித்துப் போட்டு, வந்தவள் வேண்டாமென்று உதட்டைப் பிதுக்கினாலும், அதையே வாங்க வைத்து அனுப்புகிற வாய் அது. கறிக்கடைக்காரர் கடைசியில் ஏதோ இரண்டு காலைப் பொறுக்கி, "இந்தாங்கக்கா, ரெண்டும் இடதுதான், சத்தியமா" என்று கட்டிக் கொடுத்தார். அவளுக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்காரர் இல்யாஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அதுவரைக்கும் புருஷனும் பெண்சாதியும் தங்கள் சேலைக் கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மகன் ஷபீர் இருவரையும் செமினியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கடையை மலர்விழி பார்த்துக்கொண்டாள். வேலைக்கு வந்த பெண்தான், ஆனால் இப்போது கடையில் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இல்யாஸுக்கே அவள்தான் சொல்ல வேண்டும்.

ஷபீர் தங்கமான பிள்ளை. கீழ்த்தள அறையைக் காலி பண்ணிக் கொடுத்தான், கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தான். ஆனால் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தெளிவாகச் சொல்லிவிட்டான். "உம்மா, தீபாவளி முடிஞ்சதும் கடைக் கட்டடத்து ஓனருக்கு, வாடகைக்குத் தொடர்றோமா விடுறோமான்னு பதில் சொல்லணும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வாப்பா யாரும் பிடிக்காம அந்த மாடிப்படி ஏறட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். முடியலன்னா கடையை விட்டுட்டு இங்கேயே இருந்துடுங்க."

அதைக் கேட்டதும் காத்தூன் பீவி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். செமினியில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. வரிசை வரிசையாக வீடு, வாசல் எல்லாம் சாத்திக் கிடக்கும். பேரம் பேச ஆள் கிடையாது. காலையில் மோனோரயில் தலைக்கு மேல் போகிற சத்தம் கிடையாது. மல்லிகைப்பூக்காரியோடு சண்டை கிடையாது. முக்கியமாக, கல்லாவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளுமாக நிற்கிற அந்த இடம் இருக்காது. நாளெல்லாம் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டே நிற்பார்கள். அப்படி நிற்காவிட்டால் அவளுக்கு நாள் போகாது. படியேறியே ஆக வேண்டும் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

பிசியோ நிலையம் பிரிக்பீல்ட்ஸிலேயே கிடைத்தது. லிப்ட் வைத்த கட்டடம். பார்த்துக்கொள்கிற பெண் பெயர் வாணி. பகலில் இந்த வேலை, சாயங்காலம் கோயில் பக்கத்து மண்டபத்தில் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறாள். நிற்பதும் நடப்பதும் அளந்து வைத்த மாதிரி இருக்கும். முதல் நாள் பயிற்சி முடிந்தபோது காத்தூன் பீவி மலர்விழியோடு போனில் ஜாக்கெட் துணி விவகாரத்தில் மும்முரமாக இருந்தாள். வாணி வந்து சொன்னாள்.

"ஆன்டி, அங்கிள் இடது பக்கம் வெயிட்டே போட மாட்டேங்கறாரு. வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா வெயிட் போட வைங்க."

காத்தூன் பீவி திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். படுத்தே கிடந்ததில் அவருடைய இடது தொடை வலது தொடையை விட வற்றிப் போயிருந்தது. யா அல்லாஹ், இதை நான் கவனிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெயிட் போட வைப்பதா பெரிய காரியம்? அவள் கைக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் ஆட்டுக்கால் சூப். மத்தியானம் நெய்சோறும் தாளிச்சாவும். நாலு மணிக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டலப்பம். படுக்கப் போகிற நேரத்தில் பேரீச்சம்பழம் ஊறப்போட்ட பால். மருமகள் நிலோபர், "மாமி, வீட்டுல விருந்தா?" என்று கேட்டாள். "அவரு வெயிட் போடணும்னு பிசியோ சொல்லியிருக்கு. அதுவும் இடது பக்கம்" என்று காத்தூன் பீவி சொன்னாள். நிலோபர் ஒரு கணம் யோசித்துவிட்டு, மாமியாரிடம் எதற்கு வம்பு என்று போய்விட்டாள். இல்யாஸோ வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் சூப் கேட்டார்.

கொஞ்ச நாளில் அவருடைய கால்சட்டை பித்தான் மாட்டவில்லை. காத்தூன் பீவிக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த முறை பிசியோவுக்குப் போனபோது அவளே பெருமையாக ஆரம்பித்தாள்.

"பாத்தியாம்மா வாணி? மாஷா அல்லா, எப்படி வெயிட் போட்டிருக்காரு!"

வாணி இல்யாஸின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு காத்தூன் பீவியின் முகத்தைப் பார்த்தாள். விஷயம் மெல்ல அவளுக்கு விளங்கியது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆன்டி, ஐயோ ஆன்டி... நான் உடம்பைச் சொல்லல. நிக்கும்போது இடது கால்ல உடம்போட பாரத்தைப் போடணும்னு சொன்னேன். வெயிட்டை அந்தக் கால் மேல போடணும்!"

காத்தூன் பீவிக்குக் கறிக்கடைக்காரர் கண்முன் வந்துபோனார். பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

இல்யாஸ் கூரையில் இருந்த காற்றாடியைப் பார்த்தார். "தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மச்சான் சொல்லல?"

"சூப் நல்லா இருந்துச்சு பீவி."

கல்லுளிமங்கன்! மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவளுக்கு. ஆனால் மனுஷன் விழுந்ததிலிருந்து இப்படி ஒரு குறும்புப் பார்வை பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் திட்டு பாதியிலேயே நின்றுபோனது.

வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு எடை பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இல்யாஸை ஒவ்வொன்றிலும் ஒரு காலாக நிற்கச் சொன்னாள். வலது கால் மெஷினில் முள் ஓடியது. இடது கால் மெஷினில் முள் ஏதோ பூனை ஏறி நின்ற மாதிரி லேசாக அசைந்து நின்றுவிட்டது. காத்தூன் பீவி வழக்கம்போல ஓடிப்போய் அவருடைய இடது கையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். இடது மெஷினின் முள் இன்னும் கீழே இறங்கியது.

வாணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்கிள் எறங்கட்டும். ஆன்டி, நீங்க ஒரு நிமிஷம் இந்த மெஷின்ல ஏறுங்க."

"எனக்கு என்னத்துக்கு?"

"சும்மா ஏறுங்க ஆன்டி."

காத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். என்ன எடை என்று நாம் பார்க்க வேண்டாம், அவள் கோபித்துக்கொள்வாள். "இப்ப அங்கிள் உங்க தோள்ல கை வைக்கட்டும்" என்றாள் வாணி. இல்யாஸ் கையை வைத்தார். முள் கிடுகிடுவென்று மேலே ஏறியது.

"பாத்தீங்களா? வெயிட் போட்டது நீங்கதான்." வாணி அவளுடைய தோளைத் தொட்டாள். "அங்கிளோட இடது கால் இங்க இருக்கு ஆன்டி."

தொட்ட இடத்தில் சுருக்கென்றது. காத்தூன் பீவி முகத்தைச் சுளித்துவிட்டாள். கொஞ்ச நாளாகவே முக்காட்டில் ஊசி குத்தக் கூட அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இல்யாஸ் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று கையை எடுத்தார், எடுத்த வேகத்தில் தடுமாறினார், அவள் மறுபடியும் பிடித்தாள்.

வாணி இருவரையும் உட்கார வைத்தாள். "ஒரு காலைத் தூக்கணும்னா மொதல்ல மத்தக் கால்கிட்ட உடம்பைக் கொடுக்கணும். டான்ஸ்ல நான் மொதல்ல சொல்லித் தர்றது அதுதான். தூக்குற காலைத்தான் எல்லாரும் பாப்பாங்க. ஆனா வேலை செய்யறது கீழ நிக்கிற கால். படி ஏறும்போது நல்ல கால்தான் மொதல்ல மேல போகணும். அது போகணும்னா நோவுற கால் ஒரு நொடியாவது தனியா நிக்கணும். அங்கிளோட கால் பலமாத்தான் இருக்கு. எக்ஸ்ரே நல்லா இருக்கு. பிடிக்க ஆள் இருக்கிற வரைக்கும் அது நிக்காது." பிறகு கதவைக் காட்டி, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "ஆன்டி, இனிமே பயிற்சி நடக்கும்போது நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க."

"ஓஹோ! உள்ள அவரு வெயிட் போடணும், வெளிய நான் வெயிட் பண்ணணுமா?"

"அதேதான் ஆன்டி."

காத்தூன் பீவி விருட்டென்று எழுந்து வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் புருஷனை விட்டுத் தள்ளி நில் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. நேற்று முளைத்த பெண் சொல்கிறது! அவளுக்கு அழுகை வந்தது. அவர் விழுந்த அன்றைக்கு அவள் கீழே கடையில் இருந்தாள். மேலே தொப்பென்று கேட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து அவர் எழுந்தால் இவளும் எழுவாள், அவர் நகர்ந்தால் இவள் கையும் நகரும். இனிமேல் அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை எப்படி அந்தப் பெண்ணிடம் சொல்வது?

உள்ளேயிருந்து "தெய்யா தெய், தெய்யா தெய்" என்று சத்தம் கேட்டது. அல்லாவே, என் மச்சானை ஆட வைக்கிறாளா! காத்தூன் பீவி எழுந்து கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். வாணி முட்டியை மடக்கி நின்று பாதத்தைத் தூக்கித் தரையில் தட்டிக் காட்டினாள். எதிரே கம்பிகளுக்கு நடுவில் இல்யாஸ் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். இடது காலைத் தட்டச் சொன்னால் தட்டினார். வலது காலைத் தூக்கச் சொன்னால் கண்கள் கதவுப் பக்கம் வந்தன. அவளைத் தேடுகின்றன என்று அவளுக்குத் தெரியாதா? அவள் கதவுக் கைப்பிடியைத் தொட்டாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கினாள், அவர் கண்ணில் படாதபடி.

வாணி இவளையும் சும்மா விடவில்லை. தோளுக்குப் பயிற்சி கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எட்டுக்கால் பூச்சி மாதிரி மேலே மேலே நடக்கவிட வேண்டும். வலிக்கிற இடத்தில் நின்று மூச்சு விட்டு, இன்னும் ஒரு விரற்கடை மேலே போக வேண்டும்.

ஆகவே செமினி வீட்டு அடுப்பங்கரை தினமும் காலையில் ஒரு நடனக் கொட்டகையாக மாறியது. இல்யாஸ் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலதுக்கும் இடதுக்கும் உடம்பை மாற்றுவார். "தெய்யா தெய்" என்று அவரே சொல்லிக்கொள்வார். காத்தூன் பீவி எதிர்ச் சுவரில் விரலை நடக்கவிடுவாள். சமையலுக்கு நடுவில் வந்து செய்வதால் நிலோபர் ஆசையாக அடித்த வெள்ளைச் சுவரில் மஞ்சள் கறை பிடித்தது.

"நேத்து அந்தக் கறை வரைக்கும்தான் போச்சு, இன்னைக்கு அதுக்கு மேல போயிருச்சு பீவி" என்பார் இல்யாஸ்.

"நீங்க என் கையைப் பாக்காதீங்க, உங்க காலைப் பாருங்க. இடுப்பு வலது பக்கமே சாயுது."

அவர் தடுமாறும்போதெல்லாம் அவள் கை தானாக நீளும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முக்காட்டு நுனியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வாள். கை அங்கேயே கிடக்கும். துணிதான் கசங்கிப் போகும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். கடை திறக்கிற நேரத்துக்கு முன்னாலேயே போனால்தான் உண்டு, பிறகு அந்தத் தெருவில் காற்றுக்கூட நுழைய முடியாது. மலர்விழி சாவிக்கொத்தோடு வாசலில் நின்றாள். கடைக்குப் பக்கவாட்டில் மாடிப்படி. குறுகல், செங்குத்து. கைப்பிடிச் சுவர் வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கம் வெறும் சுவர், பிடிக்க ஒன்றும் கிடையாது. இத்தனை காலம் அவள் ஏறி இறங்கின படி, அன்றைக்குப் பார்த்தால் மலை மாதிரி இருந்தது.

வாணியும் வந்திருந்தாள். இல்யாஸுக்கு இரண்டு படி பின்னால் அவள் நின்றுகொண்டாள், அவளுக்குக் கீழே ஷபீர். "ஆன்டி, நீங்க மேல போய் வெயிட் பண்ணுங்க" என்றாள் வாணி.

காத்தூன் பீவி மறுபேச்சுப் பேசாமல் ஏறிப்போய் மேல்படியில் திரும்பி நின்றாள். முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிஸ்மில்லா" என்று இல்யாஸ் வலது காலை வைத்தார். இடது கால் பின்னால் வந்து சேர்ந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. உதடு அசைவது மேலேயிருந்து தெரிந்தது. தெய்யா தெய்தான் சொல்கிறார். பாதி வரைக்கும் வந்தார்.

பாதியில் நின்றுவிட்டார்.

வலது கால் எழும்பவில்லை. ஒருமுறை பார்த்தார், இரண்டுமுறை பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. இடது கையைச் சுவரில் தடவினார், அங்கே ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கண்ணில் பயம்.

"பீவி. கையைக் குடு."

இறங்கினால் நாலைந்து படிதான். அங்கிருந்து நீட்டினால் எட்டிவிடும். அவள் கை முக்காட்டை விட்டுவிட்டு முன்னால் வந்தேவிட்டது. ஷபீர் கீழேயிருந்து அந்தக் கையையே பார்த்தான். வாணி ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று காத்தூன் பீவிக்குப் பட்டது. அந்தத் தொப்பென்ற சத்தம் காதுக்குள் வந்தது. கொடுத்துவிடலாம், செமினியிலேயே இருந்துவிடலாம், ஆள் முழுசாக இருந்தால் போதும் என்று ஒரு மனம் கெஞ்சியது.

அவள் கையைப் பின்னால் இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் தெரு முனை வரைக்கும் கேட்டது. "பாசார்ல அத்தனை பேர் முன்னாடி மானத்தை வித்து இடது காலா பாத்து வாங்கிட்டு வந்து சூப் வச்சுக் குடுத்தேன்ல? தெரிஞ்சுக்கிட்டே கமுக்கமா குடிச்சீங்கல்ல? அத்தனையும் எங்க போச்சு? இப்பப் போடுங்க மச்சான் வெயிட்டை! இடது கால்ல போடுங்க!"

இல்யாஸின் வயிறு குலுங்கியது. அந்த வயிறும் அவள் வளர்த்ததுதான். தோள் குலுங்கியது. மனுஷன் படியில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் இறுகிக் கிடந்த உடம்பு இளகி இடது பக்கம் சாய்ந்தது, இடது கால் அதை வாங்கிக்கொண்டது, வலது கால் யாரும் கேட்காமல் அடுத்த படிக்குப் போய்விட்டது.

"அப்படித்தான் அங்கிள்" என்று வாணி மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

மீதிப் படிகளை அவர் முனகிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஏறினார். மேல்படிக்கு வந்ததும் மூச்சு வாங்க நின்றார். கீழே மலர்விழி கைதட்டினாள். ஷபீர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வாயைத் திறக்கவில்லை. கண்ணைத்தான் துடைத்துக்கொண்டான்.

காத்தூன் பீவி "அல்ஹம்துலில்லா" என்று மட்டும் சொன்னாள். இல்யாஸ் கையைத் தூக்கி அவள் தோளில் வைத்தார். நோவெடுத்திருந்த அதே தோள். பழக்கத்தில் அவள் காலை அகட்டி, பல்லைக் கடித்து, அவரைத் தாங்கத் தயாராக நின்றாள்.

தாங்கப் பாரம் ஒன்றும் வரவில்லை. கை மட்டும்தான் இருந்தது.